சத்தம் டிஸ்க்லயா என் பெட்டியிலயா: ஜார்ஜ் ஹாரிசன் பாக்ஸ் செட்டுக்காக பரண்ல கிடந்த செட்டை எழுப்பின கதை

பாக்ஸ் செட் கைக்கு வந்துருச்சு, போட்டு கேக்க வீட்ல ஒண்ணும் இல்ல. இங்க இருந்துதான் ஆரம்பிச்சுது எல்லாம்.

சித்தப்பா பையன் லண்டன்ல இருந்து லீவுக்கு வந்தப்போ "நீதான் பீட்டில்ஸ் பைத்தியமாச்சே, செகண்ட் ஹேண்ட் கடைல கிடைச்சுது, வச்சுக்கோ"ன்னு கொடுத்துட்டு போனான். அந்த இங்கிலாந்து பாட்டு குழுல கிடார் வாசிச்ச ஜார்ஜ் ஹாரிசனோட செட், தி ஆப்பிள் இயர்ஸ் 1968-75. 2014ல வந்த செட். பீட்டில்ஸ் உடையறதுக்கு முன்னாடியே அவர் தனியா போட்ட ரெண்டு ஆல்பம், உடைஞ்சதுக்கு அப்புறம் அவங்க சொந்த ரெக்கார்ட் கம்பெனியான ஆப்பிளுக்காக போட்ட நாலு ஆல்பம், மொத்தம் ஆறு. ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ் மட்டும் ரெண்டு சிடி, அதனால ஏழு சிடி, கூட ஒரு டிவிடி, ஒரு புக். ஒவ்வொண்ணும் பழைய எல்பி (பெரிய கறுப்பு இசைத்தட்டு) கவரை அப்படியே சுருக்கின மாதிரி அட்டை உறைல. பாக்க அழகு, ஆனா டிஸ்க்கை உருவும்போது அட்டை உரசும், உடனே நான் பண்ணின முதல் வேலை பிளாஸ்டிக் உள்ளுறை வாங்கி போட்டது.

லேப்டாப்ல டிஸ்க் டிரைவே இல்ல. டிவிடி பிளேயர் எப்பவோ காயலான்கடைக்கு போயாச்சு. அப்பதான் பரண் ஞாபகம் வந்துச்சு. மாமா பெங்களூர்ல வேலை பாத்தப்போ தொண்ணூறுகள்ல வாங்கின ஜப்பான் ஆம்ப்ளிஃபயர், தனி சிடி பிளேயர், எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் ரெண்டு, எல்லாம் பழைய போர்வை சுத்தி பழையபேட்டை வீட்டு பரண்ல பதினாலு வருஷமா தூங்குது. இறக்கினேன். ஆம்ப்ளிஃபயர் மேல்மூடியை கழட்டினா உள்ள பல்லி முட்டை ஏழு, ஒரு காஞ்ச கரப்பான், தூசி ஒரு விரக்கடை. அம்மா பாத்துட்டு "இத வீட்டுக்குள்ள கொண்டு வராத"ன்னாங்க, அதனால முதல் ரெண்டு வாரம் மொத்த வேலையும் திண்ணைல.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன், இந்த ரிப்பேர்ல எனக்கு பெரிய தலைவலி எது பெட்டியோட கோளாறு, எது ரெக்கார்டிங்லயே இருக்கறதுன்னு பிரிக்கறதுதான். இந்த ஆறு ஆல்பமும் அதுக்குன்னே சதி பண்ணின மாதிரி இருக்கு.

முதல்ல பவர். பழைய ஆம்ப்ளிஃபயரை நேரா பிளக்ல சொருகாதீங்க, சாமி சத்தியமா. நூறு வாட்ஸ் குண்டு பல்ப் ஒண்ணை சீரிஸ்ல போட்டு ஒரு போர்டு பண்ணிக்கோங்க. உள்ள எங்கயாவது ஷார்ட் இருந்தா பல்ப் முழுசா எரியும், பெட்டி தப்பிச்சுரும். ஷார்ட் இல்லன்னா ஒரு செகண்ட் பளிச்னு எரிஞ்சு மங்கிடும். எனக்கு மங்குச்சு. ரெண்டு செகண்ட் கழிச்சு உள்ள ரிலே 'டக்'னுச்சு, அந்த சத்தம் கேட்டதும் உயிரே வந்துச்சு, ஏன்னா புரொடெக்‌ஷன் சர்க்யூட் ஓகே சொன்னாத்தான் ரிலே ஸ்பீக்கரை இணைக்கும். ஸ்பீக்கர் டெர்மினல்ல மல்டிமீட்டர் வச்சு டிசி எவ்வளவு வருதுன்னு பாத்தேன், லெஃப்ட் 14 மில்லிவோல்ட், ரைட் 21. ஐம்பதுக்குள்ள இருந்தா ஸ்பீக்கருக்கு பயம் இல்ல.

ஆனா உர்ர்ர்ர்னு ஒரு ஹம். வால்யூமை ஜீரோல வச்சாலும் அதே உர்ர். இங்க ஒரு சின்ன கணக்கு இருக்கு. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். எர்த் பிரச்னை, வயர் பிரச்னைன்னா பெரும்பாலும் அந்த 50லயே முனகும். பவர் சப்ளைல இருக்கற பெரிய கெப்பாசிட்டர் காஞ்சு போச்சுன்னா, ஏசியை டிசி ஆக்கற ரெக்டிஃபயர் ரெண்டு பக்கத்து அலையையும் ஒரே பக்கமா மடக்கி விடறதால 100 ஹெர்ட்ஸ்ல வரும், கொஞ்சம் கரகரப்பா. போன்ல ஸ்பெக்ட்ரம் காட்டற ஆப் ஒண்ணு போட்டு ஸ்பீக்கர்கிட்ட வச்சேன், நூறுல கம்பம் மாதிரி நின்னுச்சு. அப்ப கெப்பாசிட்டர்தான்.

6800 மைக்ரோ ஃபாரட், 50 வோல்ட், ரெண்டு. கிருஷ்ணகிரில கேட்டேன், ரவுண்டானா பக்கம் ரெண்டு கடைல ஃபேன் கெப்பாசிட்டரை எடுத்து காட்டினாங்க. சரி, லீவு நாள்ல எலெக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற பெங்களூர் எஸ்பி ரோடு போயிடலாம்னு பஸ் ஏறிட்டேன், 90 கிலோமீட்டர்தான், ஆனா ஓசூர் தாண்டினதுக்கு அப்புறம் பஸ் நகர்ற வேகத்துல இறங்கி நடந்தா முன்னாடி போயிடலாம். எஸ்பி ரோட்டுல ஒரு சந்துக்குள்ள 105 டிகிரி தாங்கறது கிடைச்சுது, கூடவே சிடி பிளேயருக்கு சின்ன சதுர பெல்ட் நாலு சைஸ்ல, கான்டாக்ட் கிளீனர் ஒரு டின், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் அரை லிட்டர்.

மாத்தும்போது ரெண்டு விஷயம். பழைய கெப்பாசிட்டர் பிளக்கை பிடுங்கினாலும் சார்ஜ் வச்சிருக்கும், 100 ஓம் 10 வாட் ரெசிஸ்டரை காலு ரெண்டுலயும் வச்சு இறக்குங்க, ஸ்க்ரூடிரைவரை குறுக்க வச்சு பட்டாசு விடறது வீரம் இல்ல. ரெண்டாவது, மைனஸ் பக்கம் பட்டை போட்டிருக்கும், பழசை கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கோங்க. மாட்டி ஆன் பண்ணினேன். உர்ர் போச்சு. ராத்திரி பதினொண்ணு மணி, திண்ணைல உக்காந்து வால்யூம் ஜீரோல வச்சு அமைதியை கேட்டுட்டு இருந்தேன்.

அடுத்தது சிடி பிளேயர். பட்டன் அமுக்கினா மோட்டார் சுத்தற சத்தம் வருது, டிரே வெளிய வரல. பெல்ட் தொய்ஞ்சு போச்சு. அவசரத்துக்கு பெல்ட்டை கொதிக்கற தண்ணில ரெண்டு நிமிஷம் போட்டா கொஞ்சம் சுருங்கி நாலு நாள் வேலை செய்யும், அவ்வளவுதான் ஆயுசு. நூல் வச்சு பழசோட சுத்தளவை அளந்தேன், 24 செண்டிமீட்டர். அது நீண்டு போன அளவு, அதனால புதுசு அதவிட ரெண்டு செண்டிமீட்டர் கம்மியா இருக்கறதை போட்டேன், டிரே 'சொய்ங்'னு வந்துச்சு. ரொம்ப டைட்டா போட்டா மோட்டார் புஷ் தேயும், அதையும் பாத்துக்கணும்.

லென்ஸ். பட்ஸ்ல ஆல்கஹால் தொட்டு பூனைக்கு கண்ணுல மருந்து விடற மாதிரி மெதுவா. லென்ஸ் ஸ்பிரிங் மேலதான் நிக்குது, அழுத்தினா போச்சு. ஓடும்போது குனிஞ்சு பாக்காதீங்க, அந்த லேசர் 780 நானோமீட்டர், கண்ணுக்கு தெரியாது ஆனா கண்ணை கெடுக்கும். பக்கத்துல ஒரு குட்டி திருகு இருக்கும், லேசர் பவரை ஏத்தறது, நிறைய பேர் அதை திருப்பி ரெடி பண்ணிட்டேன்னு சொல்லுவாங்க. சீக்கிரமே லேசர் செத்துரும். தொடாதீங்க.

அப்புறம் டிஸ்க் போட்டேன். பாதி தாண்டினா தாவுது. இங்கதான் யோசிக்கணும். சிடி உள்ளுக்குள்ள இருந்து வெளிய படிக்கும், எல்பிக்கு நேர் எதிர். ஒரே ஒரு டிஸ்க்ல ஒரு இடத்துல மட்டும் தாவினா கீறல். எல்லா டிஸ்க்லயும் அதே ஏரியால தாவினா லேசரை தள்ளிட்டு போற தண்டவாளத்துல கிரீஸ் கட்டியாயிருக்கு. வீட்ல இருந்த பழைய இளையராஜா ஆடியோ சிடி ரெண்டு போட்டு பாத்தேன், அதே இடம். பழைய கிரீஸ் மெழுகு மாதிரி ஆயிருந்துச்சு, சுரண்டி எடுத்து ஆல்கஹால்ல துடைச்சு பிளாஸ்டிக்குக்கு ஆகற வெள்ளை கிரீஸ் ஒரு கடுகளவு வச்சேன்.

சரியாயிடுச்சான்னு டெஸ்ட் பண்ண நான் எடுத்த டிஸ்க் இருக்கே, அதுதான் என் புத்திசாலித்தனம். எலெக்ட்ரானிக் சவுண்ட், 1969. மொத்தமே ரெண்டு ட்ராக், ஒண்ணு பதினெட்டு நிமிஷத்துக்கு மேல, இன்னொண்ணு இருபத்தஞ்சு நிமிஷம். நீளமான ட்ராக்னா டெஸ்டுக்கு நல்லதுன்னு போட்டேன். அது மூக் சிந்தசைசர்னு கரண்ட்லயே சத்தம் உண்டாக்கற மெஷினை வச்சு அவர் போட்டது, அந்த மெஷின் அப்ப புதுசு, பாட்டும் இல்ல தாளமும் இல்ல, கூவுது, கிறீச்சிடுது, மழை மாதிரி இரையுது, திடீர்னு நின்னு திரும்ப உறுமுது. தாவுதா தாவலையான்னே தெரியல! கடைசில பாட்டை விட்டுட்டு டிஸ்ப்ளேல செகண்ட் நம்பர் ஒழுங்கா ஓடுதான்னு இருபத்தஞ்சு நிமிஷம் முறைச்சு பாத்துட்டு உக்காந்திருந்தேன். நடுவுல அடியில இருந்து ஒரு உர்ர் வந்துச்சு. ஐயோ கெப்பாசிட்டர் போச்சுடான்னு ஆஃப் பண்ணி மூடியை திரும்ப கழட்டி மீட்டரை வச்சு எல்லாம் பாத்து, எல்லாம் சரியா இருக்கு, அப்பதான் உறைச்சுது, வால்யூமை ஜீரோ பண்ணி பாருடா மடையா. பண்ணினேன். அமைதி. அந்த உர்ர் ஜார்ஜ் ஹாரிசன் காசு கொடுத்து வாங்கின உர்ர்.

அட்டைல இருக்கற ஓவியமும் அவரே வரைஞ்சது. அது நல்லா இருக்கு.

இப்ப ஸ்பீக்கர். கோன் ஓரத்துல இருக்கற ஃபோம் வளையம் தொட்டா ரவா மாதிரி உதிருது, பழைய செட்டு எல்லாத்துக்கும் வர்ற வியாதி. எட்டு இஞ்ச் ஃபோம் கிட் ஆன்லைன்ல வாங்கினேன். பழைய ஃபோமையும் பசையையும் சுரண்டி எடுக்கறதுதான் வேலைல முக்கால்வாசி, ஒரு ஸ்பீக்கருக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு, அவசரப்பட்டா கோன் பேப்பர் கிழியும். முதல்ல ஃபோமை கோன்ல ஒட்டி காய விட்டு, அப்புறம்தான் ஃபிரேம்ல. ஃபிரேம்ல ஒட்டும்போது வாய்ஸ் காயில், அதாவது கோனை ஆட்டற கம்பிச் சுருள், நடுவுல நிக்கணும், கொஞ்சம் சாஞ்சாலும் காந்தத்துல உரசி 'கர்ர்'ங்கும். அதுக்கு ஒரு ஐடியா, போன்ல 30 ஹெர்ட்ஸ் டோனை ரொம்ப கம்மியா ஓட விட்டுட்டே ஒட்டுங்க, கோன் ஆடிட்டே இருக்கும், உரசினா உடனே காதுக்கு தெரியும், பசை பிடிக்கறதுக்குள்ள விரலால நகர்த்தி சரி பண்ணிடலாம். லெஃப்ட் ஸ்பீக்கர் அருமையா வந்துச்சு. ரைட்டுக்கு பசை கொஞ்சம் ஜாஸ்தி ஆயி பின்பக்கம் டெர்மினல் வரைக்கும் வழிஞ்சுது, பரவால்லன்னு விட்டுட்டேன். இந்த "பரவால்ல"வை ஞாபகம் வச்சுக்கோங்க.

எல்லாத்தையும் மாட்டி வீட்டுக்குள்ள கொண்டு வர அம்மாகிட்ட பர்மிஷன் வாங்கி, ஞாயித்துக்கிழமை காலைல வரிசைப்படி முதல் ஆல்பத்துல இருந்து ஆரம்பிச்சேன். ஒண்டர்வால் மியூசிக், 1968. பீட்டில்ஸ்ல ஒருத்தர் தனியா போட்ட முதல் ஆல்பம் இதுதான். ஒரு படத்துக்காக பண்ணின இசை, அதுல ஒரு பகுதியை அந்த வருஷம் ஜனவரில பம்பாய் எச்எம்வி ஸ்டூடியோல வந்து பதிவு பண்ணினார். சந்தூர் சிவகுமார் சர்மா, சரோட் ஆஷிஷ் கான், தபலா மகாபுருஷ் மிஸ்ரான்னு நம்ம ஊர் ஆட்கள். முதல் ட்ராக்கே ஷெனாய்ல ஆரம்பிக்கும். அம்மா களி கிண்டிட்டு இருந்தவங்க கரண்டியோட ஓடி வந்து "யாருடா செத்தாங்க"ன்னாங்க. அவங்க தப்பு இல்ல. எம்ஜிஆர் இறந்தப்போ, அதுக்கு முன்னாடி இந்திரா காந்தி இறந்தப்போ ரேடியோல நாள் முழுக்க சோக இசை ஓடிச்சே, ஷெனாய் சத்தம்னாலே அவங்களுக்கு எழவு வீடுதான். லண்டன் பாட்டுக்காரர் போட்டதும்மான்னேன். "அவரு இருக்காரா"ன்னாங்க. 2001லயே போயிட்டாரும்மா. "அப்ப சரியாத்தான் கேட்டிருக்கேன்"னு உள்ள போயிட்டாங்க.

ரெண்டாவது எலெக்ட்ரானிக் சவுண்ட், அதோட கதைதான் சொல்லிட்டேனே. மூணாவதா, நான் காத்துட்டு இருந்த ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ். 1970, அப்ப மூணு எல்பியா வந்தது. பீட்டில்ஸ்ல லென்னான், மெக்கார்ட்னி பாட்டுக்கே இடம் பத்தாம இவரோட பாட்டெல்லாம் வருஷக்கணக்கா சேந்து கிடந்துச்சு, உடைஞ்சதும் மொத்தமா கொட்டிட்டார். போட்டேன்.

என்னடா இது. பேஸ் இல்ல, கும்முனு வர்ற அந்த அடிச்சத்தமே காணோம். கிடார் இருக்கு, எக்கோ இருக்கு, அவர் குரல் நடுவுல நிக்காம ரூம் பூரா புகை மாதிரி பரவி நிக்குது, எந்த பக்கத்துல இருந்து வருதுன்னே சொல்ல முடியல. பேஸ் கிடார் வாசிச்சது கிளவுஸ் வூர்மன், கார்ல் ரேடல் மாதிரி ஆட்கள், அவங்க ஸ்டூடியோவுக்கே வராத மாதிரி இருக்கு. நான் உடனே முடிவு கட்டிட்டேன், பழைய டேப்பை இந்த செட்டுக்காக ரீமாஸ்டர் பண்ணினவங்க கெடுத்துட்டாங்க. அப்படி சொல்றது ஒரு ஃபேஷன் வேற. அப்புறம் இதுக்கு புரொடியூசர் ஃபில் ஸ்பெக்டர், ஒரே ரூம்ல நாலஞ்சு அக்கூஸ்டிக் கிடார், ரெண்டு மூணு பியானோ, டிரம்ஸ் எல்லாத்தையும் ஒண்ணா வாசிக்க விட்டு மேல எக்கோவை ஊத்தறது அவர் ஸ்டைல். ஜார்ஜே 2001ல ஆல்பத்தை திரும்ப வெளியிட்டப்போ இந்த எக்கோவை எல்லாம் எடுத்துடலாமான்னு ஆசையா இருக்குன்னு எழுதியிருந்தார். ஆக ஸ்பெக்டர் பாதி, ரீமாஸ்டர் பாதின்னு பழியை பங்கு போட்டு கொடுத்துட்டு தூங்க போயிட்டேன்.

ரீமாஸ்டர்னா என்னன்னு ஒரு வார்த்தை. ஸ்டூடியோல தனித்தனியா பதிஞ்சதை எல்லாம் ஒண்ணா கலந்து லெஃப்ட் ரைட்னு ரெண்டு ட்ராக்கா ஆக்கறது மிக்ஸ். அந்த ரெண்டு ட்ராக் டேப்பை எடுத்து சுத்தம் பண்ணி, பேஸ் ட்ரெபிள் அளவு பாத்து, டிஸ்க்குக்கு தயார் பண்றது மாஸ்டரிங். இந்த செட்டுக்கு அதை பால் ஹிக்ஸும், லாஸ் ஏஞ்சல்ஸ்ல கேவின் லர்சன், ரூபன் கோஹனும் பண்ணினாங்க, மேற்பார்வை பையன் தானி ஹாரிசன். (அந்த பேரே ஸ்வரம்தான், த-வும் நி-யும்.) ஆக மிக்ஸ்ல கலந்த எக்கோவை ரீமாஸ்டர்ல எடுக்கவே முடியாது, சாம்பார்ல கரைஞ்ச பெருங்காயத்தை கரண்டி வச்சு அள்ள முடியுமா. அதுக்கு திரும்ப முதல்ல இருந்து மிக்ஸ் பண்ணணும், 2021ல ஐம்பதாவது வருஷ பதிப்புக்கு அதே பால் ஹிக்ஸ் அப்படித்தான் பண்ணினார். எக்கோவுக்காக ரீமாஸ்டரை திட்டறது நியாயமே இல்ல, இது எனக்கு அன்னிக்கே தெரியும், தெரிஞ்சும் திட்டினேன்.

அடுத்த வாரம் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து டார்க் ஹார்ஸ் போட்டேன், 1974. வரிசைல லிவிங் இன் தி மெட்டீரியல் வேர்ல்ட்தான் வரணும், ஆனா அட்டை பிடிச்சிருந்துச்சு, இத எடுத்துட்டேன். டைட்டில் பாட்டுல குரல் கிழிஞ்ச மாதிரி, கரகரன்னு, ஸ்பீக்கர் காயில் உரசினா எப்படி இருக்குமோ அப்படி. போச்சு, ரைட் ஸ்பீக்கர் ஃபோம் சரியா ஒட்டலன்னு பயந்துட்டேன். கோனை விரலால அமுக்கி பாத்தா உரசல் இல்ல. கீச்சு சத்தத்துக்கு இருக்கற சின்ன ஸ்பீக்கர், ட்வீட்டரா? ரிலே கான்டாக்டா? ரிலே மேலயும் எனக்கு சந்தேகம் இருந்துச்சு, ஏன்னா வால்யூம் கம்மியா வச்சா ரைட் சேனல் அப்பப்போ அமுங்கி போகும், ஏத்தினா பளிச்னு வந்துரும், அது ரிலே கான்டாக்ட்ல கறுப்பு படிஞ்சா வர்ற அறிகுறி.

பொறுமை போயிடுச்சு. ஆம்ப்ளிஃபயர், பிளேயர், ரைட் ஸ்பீக்கர் எல்லாத்தையும் டிவிஎஸ்ல கட்டிக்கிட்டு அதே பழையபேட்டைல இருக்கற பாய் கடைக்கு போயிட்டேன். பாய் முப்பது வருஷமா ரேடியோ, டேப், டிவின்னு பாத்தவர், இப்ப மிக்ஸியும் இன்வெர்ட்டர் போர்டும்தான் ஜாஸ்தி வருது. மாட்டினார், பாட்டை போட்டார், கண்ணை மூடி ஒரு நிமிஷம் கேட்டார்.

"தம்பி, பாட்டுக்கு பின்னாடி கிடார் சத்தம் கேக்குதா?"

"கேக்குது பாய்."

"அது கரகரன்னு இருக்கா?"

"இல்ல."

"காயில் உரசினா எல்லாம் சேர்ந்துல்ல உரசணும். இது செட்டு இல்ல தம்பி, பாடற ஆளுக்கு தொண்டை கட்டியிருக்கு. மிளகு கஷாயம் குடிக்க சொல்லு."

வீட்டுக்கு வந்து புக்கை புரட்டினா பாய் சொன்னது நூத்துக்கு நூறு. 1974 கடைசில சித்தார் ரவி சங்கரோட சேர்ந்து அமெரிக்கா டூர் கிளம்பணும், அதுக்குள்ள ஆல்பத்தையும் முடிக்கணும்னு ஓய்வே இல்லாம பாடி தொண்டை போயிடுச்சு. அந்த தொண்டையோடயே ரெக்கார்ட் பண்ணிட்டார், அதே தொண்டையோடதான் டூரும். டார்க் ஹார்ஸ்ங்கற பேரை, தொண்டை கட்டினதுக்கு இங்கிலீஷ்ல இருக்கற ஹோர்ஸோட சேத்து அங்க பத்திரிகைக்காரங்க கிண்டல் பண்ணாங்க. எனக்கு என்னமோ இப்ப அந்த பாட்டுதான் இந்த செட்லயே பிடிக்குது. நாற்பது வருஷம் கழிச்சு ரீமாஸ்டர் பண்ணினவங்களும் அந்த கரகரப்பை மழுப்பாம விட்டிருக்காங்க.

ரிலே விஷயத்துல மட்டும் நான் சரி. பாய் அதை திறந்து, விசிட்டிங் கார்டு துண்டை ஆல்கஹால்ல நனைச்சு கான்டாக்ட் நடுவுல வச்சு நாலு தடவை இழுத்தார், கறுப்பா வந்துச்சு. எமரி பேப்பர் போட்டா மேல பூசின பூச்சு போயிடும், அப்புறம் சீக்கிரமே திரும்ப கறுக்கும்னார். ஐம்பது ரூபா வாங்கிக்கிட்டார், டீ அவரே வாங்கி கொடுத்தார், ஆக லாபம் எவ்வளவுன்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

ஆனா பேஸ் இன்னும் வரல. அதை நான் பாய்கிட்ட சொல்லவே இல்ல, ஏன்னா அது ரீமாஸ்டர் தப்புன்னு ஏற்கனவே தீர்ப்பு எழுதியாச்சே. ஒரு ஸ்பீக்கரைத்தான் கொண்டு போயிருந்தேன், ஒண்ணுல கேட்டா அந்த கோளாறு தெரியவும் தெரியாது.

மாட்டிக்கிட்டது லிவிங் இன் தி மெட்டீரியல் வேர்ல்ட்லதான். 1973 ஆல்பம், ஒரு பாட்டு தவிர புரொடக்‌ஷன் ஜார்ஜோடது, ஸ்பெக்டரோட எக்கோ மூட்டம் இதுல இல்ல, எல்லாம் தெளிவா தனித்தனியா நிக்கும். டைட்டில் பாட்டு ராக்கா ஓடிட்டு இருக்கும்போதே நடுவுல திடீர்னு அப்படியே இறங்கி சித்தார் தபலாவுக்கு மாறும், தபலா வாசிச்சது ஜாகிர் உசேன். எலெக்ட்ரிக் பேஸ் எப்படி கேக்கணும்னு எனக்கு தெரியாம இருக்கலாம். தபலா எப்படி கேக்கணும்னு தெரியும். வலது கை 'டின் டின்'னு கேக்குது, இடது கை அடிக்கற அந்த 'கும்ம்' மொட்டையா, தகர டப்பா மேல துணி போட்டு தட்டற மாதிரி இருக்கு. ஜாகிர் உசேன் தபலால கும் இல்லாம இருக்குமா? ஸ்பெக்டர் மேலயும் பழி போட முடியாது. அப்ப ரீமாஸ்டர்? பழைய இளையராஜா சிடியை எடுத்து போட்டேன், எனக்கு தலைகீழா தெரிஞ்ச பாட்டு, அதுலயும் தபலாவுக்கு கும் இல்ல! தாவுதான்னு பாக்க இதே சிடியை போட்டேனே, அப்ப இயர்போன்ல கேட்டிருந்தேன், கும் இருந்துச்சே.

அங்கதான் மண்டைல மணி அடிச்சுது. ரெண்டு ஸ்பீக்கரையும் மூஞ்சிக்கு மூஞ்சி வச்சு, ஒண்ணோட வயரை மட்டும் மாத்தி சொருகினேன். 'கும்ம்ம்'. ஜன்னல் கம்பி அதிர்ந்துச்சு.

ரைட் ஸ்பீக்கர் டிரைவர்ல பிளஸ்ஸுக்கு ஒரு சிவப்பு புள்ளி இருக்கும். நான் "பரவால்ல"ன்னு விட்ட பசை வழிஞ்சு அந்த புள்ளியை மூடிடுச்சு, நான் குத்துமதிப்பா பத்த வச்சிருக்கேன், வயர் மாறிடுச்சு. ஒரு கோன் முன்னாடி தள்ளும்போது இன்னொண்ணு பின்னாடி இழுக்குது, பேஸ் ஒண்ணை ஒண்ணு அடிச்சு காலி பண்ணிடும், நடுவுல நிக்க வேண்டிய குரல் புகையா பரவிடும். நான் ஸ்பெக்டர் மேலயும், லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்கற மூஞ்சி தெரியாத ஆட்கள் மேலயும் போட்ட பழி மொத்தமும் என் பத்த வைக்கற அயர்ன் பண்ணின வேலை. இத முன்னாடியே கண்டுபிடிக்க ஒன்றரை வோல்ட் பேட்டரி செல் ஒண்ணு போதும். ஸ்பீக்கர் பிளஸ்ல செல்லோட பிளஸ்ஸை ஒரு நொடி தொட்டா கோன் வெளிய வரணும், உள்ள போனா வயர் மாறியிருக்கு. அஞ்சு செகண்ட் வேலை. எனக்கு மூணு வாரம் ஆச்சு.

அன்னிக்கு ராத்திரியே ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸை திரும்ப போட்டேன். எக்கோ இருக்கு, அது எங்கயும் போகாது. ஆனா இப்ப அந்த எக்கோவுக்கு ஒரு தரை இருக்கு, பேஸும் டிரம்ஸும் கீழ நிக்குது, நாலஞ்சு கிடாரும் சேர்ந்து ஒரே பெரிய கிடார் மாதிரி அதுக்கு மேல, குரல் சரியா ரெண்டு ஸ்பீக்கருக்கு நடுவுல, டிவி ஸ்டாண்டு மேல உக்காந்து பாடற மாதிரி. மூணாவது எல்பில இருந்த ஜாம் பகுதி மட்டும் எனக்கு ஒத்து வரல, நண்பர்கள் சேர்ந்து நேரம் போக வாசிச்சது, அவங்களுக்கு ஜாலியா இருந்திருக்கும்.

எக்ஸ்ட்ரா டெக்ஸ்சர், 1975, கடைசி டிஸ்க், ஆரஞ்சு கலர் அட்டை. கீபோர்டு ஜாஸ்தி, பெரும்பாலும் மெதுவா, சோர்வா போகுது. ஒரு தடவை போட்டேன், பெட்டியா ரெக்கார்டிங்கான்னு சந்தேகமே வரல, சோர்வு ரெக்கார்டிங்லதான்.

மொத்த செலவு பெல்ட், கெப்பாசிட்டர், ஃபோம் கிட், கிளீனர், பஸ் சார்ஜ் எல்லாம் சேத்து ரெண்டாயிரத்து இருநூறு சொச்சம், பாயோட ஐம்பது தனி. மிச்சமான பெல்ட் மூணையும் ஒரு ஜிப் கவர்ல போட்டு தேதி எழுதி பிளேயர் மூடிக்கு உள்பக்கம் டேப் போட்டு ஒட்டியிருக்கேன். ரைட் ஸ்பீக்கர் பின்னாடி பசையை சுரண்டிட்டு அம்மாவோட நெயில் பாலிஷ்ல சிவப்பா பெருசா ஒரு புள்ளி வச்சாச்சு. டிவிடியை போட இன்னும் வழி இல்ல, பாய் கடைல ஒரு பழைய பிளேயர் பாத்தேன், அதுக்கும் டிரே வரலையாம்.